மொனிட்டருக்கு மேலே மூன்று பிள்ளையார்

வெளிநாட்டுக்கு வந்து இறங்கும் எங்கள் ஆட்களிடமிருந்து 'தெரியாது' என்ற சொல்லை விமான நிலையத்திலேயே பறித்து வைத்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம். அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும் வாயில் 'ஓம், தெரியும்' மட்டும்தான் வரும். கார் ஓட்டத் தெரியுமா? தெரியும். கேக் செய்யத் தெரியுமா? தெரியும். (முட்டையை எந்தப் பக்கம் உடைப்பது என்பதை வேலைக்குப் போய்த்தான் பழக வேண்டும்.)

அந்தக் கூட்டத்துக்கு என்னையே தலைவியாகப் போடலாம். என் வாயிலிருந்து வந்த ஒரு 'தெரியும்', ஒரு ஆட்டுத் தொடையை நாசமாக்கி, ஒரு இறைச்சிக் கடைக்காரரின் மனத்தைப் புண்படுத்தி, கடைசியில் பிள்ளையாரையும் வழக்குக்கு இழுத்துவிட்ட கதை இது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. கலியாணம் முடித்துச் சிட்னிக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. கிரவீனில் ஒரு வாடகை வீடு. வீட்டில் நான், இவர், இவருடைய அம்மா, அதாவது என் மாமி. எனக்குப் பிளாக்டவுனில் ஒரு லோண்டரியில் வேலை. ஹோட்டல்களிலிருந்து மலைபோல வந்து குவியும் படுக்கை விரிப்புகளை நீராவி இயந்திரத்துக்குள் ஒரு பக்கத்தால் தள்ள வேண்டும், மறுபக்கத்தால் வருவதை மடிக்க வேண்டும். பின்னேரம் வீட்டுக்கு வரும்போது கை இரண்டும் அவித்த கிழங்கு மாதிரி இருக்கும். யாழ்ப்பாணத்தில் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தவள் நான். மடித்த விரிப்பை மேற்பார்வை அம்மையார் பிரித்துப் பார்த்து, 'இந்த மூலை சரியில்லை' என்று திருப்பி எறிந்த ஒரு நாள் கழிவறைக்குள் போய் நின்று அழுதிருக்கிறேன். அந்த இடத்தை விட்டு எப்படியாவது வெளியே வர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு ஆசையே கிடையாது.

அப்படியிருக்கையில்தான் பரமட்டாவில் ஒரு சின்ன அச்சகத்தில் நோட்டீஸ், புத்தகப் பக்கங்கள் வடிவமைக்க ஆள் தேவை என்று விளம்பரம் பார்த்தேன். கொழும்பில் நான் அதற்கென்றே ஒரு குறுகிய கோர்ஸ் செய்திருந்தேன். (அங்கே கொம்பியூட்டர்கள் இருந்தன. மின்சாரம் இருந்த நாட்களில் அவை வேலையும் செய்தன. ஆனால் எல்லாத் திரைகளும் கறுப்பு வெள்ளை. "கலரைப் பிறகு படிப்பம்" என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். கோர்ஸ் முடிந்து சேர்ட்டிபிக்கட்டும் வந்துவிட்டது, கலர் மட்டும் வரவில்லை.)

அச்சகத்தின் முதலாளி லிண்டா என்ற பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மூச்சுவிடாமல் கேள்வி கேட்டார்.

"கலர் வேலை செய்திருக்கிறாயா?"

"ஓம். நிறைய."

"வீட்டில் கொம்பியூட்டர் இருக்கிறதா?"

"இருக்கிறது." (வீட்டில் அப்போது இருந்த ஒரே நவீன சாதனம் மாமியின் கிரைண்டர்.)

லிண்டா ஒரு டிஸ்க்கை நீட்டினார். ஒரு இறைச்சிக் கடையின் நத்தார், அதாவது கிறிஸ்மஸ் கால நோட்டீஸ். படங்கள் எல்லாம் அதில் இருந்தன. மேலே இடது பக்கம் பெரிதாக ஆட்டுத் தொடை வர வேண்டும், கீழே சொசேஜ் வகைகளும் விலைகளும் வர வேண்டும் என்பது கடைக்காரரின் கட்டளை. "இரண்டு கிழமை தருகிறேன். வீட்டிலேயே செய்துகொண்டு வா. அவருக்குப் பிடித்தால் வேலை உனக்குத்தான்," என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த டிஸ்க்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்த வார இறுதியிலேயே கொம்பியூட்டர் வந்துவிட்டது. இவருடைய ஒன்றுவிட்ட அண்ணா ஒருவர் கனடாவிலிருந்து சிட்னிக்கு மாறி வந்தபோது தட்டுமுட்டுச் சாமான்களோடு கொண்டுவந்து, பாவிக்காமல் கராஜில் போட்டு வைத்திருந்தது. அதற்குப் பொருத்தமான பழைய மென்பொருள் ஒன்றையும் அவரே தந்தார். இவர் அந்த மொனிட்டரை வயிற்றோடு அணைத்துத் தூக்கிவந்து மேசையில் வைத்துவிட்டு, கதிரையில் விழுந்து மூச்சு வாங்கினார். இன்றைய தட்டைத் திரைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது விளங்காது. முன்பக்கம் ஒரு சின்ன ஜன்னல், பின்பக்கம் ஒரு கன்றுக்குட்டி. அவ்வளவு பாரம்.

நான் சுவிட்சில் கை வைத்தேன். மாமி குறுக்கே வந்தார்.

"பொறு பிள்ளை. புதுச் சாமான் வீட்டுக்கு வந்தால் இப்பிடியே சும்மா துவங்கிறதோ?"

சொல்லிவிட்டு வாசலுக்குப் போய், இவருடைய காருக்குள் இருந்த பிள்ளையாரைக் கழற்றிக்கொண்டு வந்தார். பென்டில் ஹில்லில் எங்கள் ஆட்களின் கடையில் வாங்கிய, பெருவிரல் உயரப் பிள்ளையார். டாஷ்போர்ட்டில் ஒட்டிய இரும்புத் தகட்டின்மேல் அவரை வைத்தால் கார் எந்தப் பள்ளத்தில் விழுந்து எழும்பினாலும் அசையமாட்டார். அடியில் அப்படி ஒரு காந்தம். மாமி மொனிட்டரின் மேல் விளிம்பைத் துடைத்து, சறுக்காமல் இருக்க இருபக்கமும் ஒட்டும் நாடா ஒரு துண்டு வைத்து, இடது மூலையில் அவரை இருத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு செவ்வரத்தம் பூவும் சாத்தினார். "இனித் துவங்கு" என்றார். காருக்கு அடுத்த நாளே வேறொருவரை வாங்கி வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் வாசகருக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து மொனிட்டருக்குப் பக்கத்தில் காந்தம் வந்தால் அந்த இடத்தில் நிறங்கள் குழம்பிப்போகும். வெள்ளை பச்சையாகும், மஞ்சள் ஊதாவாகும். இது இப்போது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியவர இன்னும் பல அவமானங்கள் பாக்கி இருந்தன. ஆகவே கொஞ்சம் இரக்கத்தோடு தொடர்ந்து படியுங்கள்.

திரை வெளித்தது. இடது மூலையில் மட்டும் பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சை. கனடாவிலிருந்து வந்த களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆட்டுத் தொடையைக் கொண்டுபோய் அந்த மூலையில் வைத்த பிறகுதான் அது வெறும் களைப்பு இல்லை என்று பட்டது. நல்ல இளஞ்சிவப்பு இறைச்சி, மேலே போனதும் ஊரில் குளத்துக்குள் கிடந்த சாமான் மாதிரி பச்சை பிடித்துக்கொண்டது. கீழே இழுத்தேன், சிவந்தது. மேலே கொண்டுபோனேன், பச்சை. கீழே, சிவப்பு. அப்போதாவது எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டாமா? 'கொம்பியூட்டருக்கு மேல்பக்கத்தில் மெமரி காணாது' என்று நானே ஒரு விஞ்ஞானத்தைக் கண்டுபிடித்து, அதை நம்பவும் செய்தேன்.

அப்படி ஆட்டுத் தொடையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் மாமி தேத்தண்ணியோடு வந்தார். மாமி முழுச் சைவம். வீட்டுக்குள் முட்டையும் வராது.

"உதென்ன பிள்ளை?"

"இறைச்சி, மாமி."

"ஆட்டின்ரையோ?"

"ஓம் மாமி. கடை நோட்டீஸ். இது சரிவந்தால்தான் அந்த வேலை."

மாமி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு யோசித்தார். அந்த நாட்களில் எனக்கு மாமியிடம் பயம் மட்டும்தான். அதிகம் கதைக்கமாட்டார், கறியில் உப்புக் கூடினால் ஒன்றும் சொல்லாமல் ஒருக்கால் பார்ப்பார், அது போதும்.

"வேலை எண்டால் வேலைதான்," என்றார் கடைசியில். "உனக்கு அந்த லோண்டரி வேண்டாம். ஆனால் மேல இருக்கிறவர் உந்த இறைச்சியைப் பார்க்கத் தேவையில்லை." சொல்லிவிட்டுப் பிள்ளையாரை மெல்லத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டுப் போனார்.

பிள்ளையார் சுவரைப் பார்த்தபடி இருந்தார். பச்சை அப்படியே இருந்தது.

மொனிட்டரின் முன்னால் இருந்த பொத்தான்கள் எல்லாவற்றையும் அமத்திப் பார்த்தேன். வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன். சிவப்பைக் கூட்டினேன், முழுத்திரையும் செங்கல் சூளை மாதிரி ஆனது, மூலை மட்டும் பிடிவாதமாகப் பச்சை. கேபிளைக் கழற்றி ஊதிவிட்டுத் திரும்பப் பூட்டினேன். மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அதோடு நான் அதுவரை செய்து வைத்திருந்த பாதி வேலையும் சேர்ந்து அழிந்தது.

பிறகு இவர் களத்தில் இறங்கினார். இவருக்கு வேலை ஒரு தளபாடக் கடையில் கணக்குப் பார்ப்பது. ஆனால் வீட்டில் எந்த மின்சாரச் சாமான் பழுதானாலும் அவருக்குள் ஒரு எஞ்சினியர் கண்விழித்துவிடுவார். ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தவரை நான் கெஞ்சி நிறுத்தி, பழுது பார்க்கும் கடைக்கு அனுப்பினேன். இரண்டு மணித்தியாலம் கழித்து மொனிட்டரைத் திரும்ப அணைத்துக்கொண்டு வந்தார்.

"அங்க போட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. வெள்ளை வெளேரெண்டு நிக்குது. கடைக்காரன் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறான்."

மேசையில் வைத்தோம். மாமி வந்து, அதுவரை தட்டில் வைத்திருந்த பிள்ளையாரைத் திரும்ப மூலையில் இருத்தி, புதுப் பூ வைத்தார். சுவிட்சைப் போட்டேன். பச்சை!

இவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப மொனிட்டரில் பிழை இல்லை. எங்கட வீட்டிலதான் என்னவோ."

அன்று பின்னேரம் முழுக்க மொனிட்டரோடு வந்த கையேட்டைப் படித்தார். திடீரென்று துள்ளி எழுந்து வந்தார். "மாலா! பிடிச்சிட்டன்! பூமிக்கு வடக்குப் பாதிக்கு வேற மொனிட்டர், தெற்குப் பாதிக்கு வேற மொனிட்டராம். இதில போட்டிருக்கு. இது கனடாவில் வாங்கினது. அவுஸ்திரேலியா ஒத்துக்கொள்ளேல்லை!"

(பின்னாளில் விசாரித்தேன். அவர் சொன்னது உண்மைதான், அப்படி வேறு வேறாகச் செய்தார்களாம். அதுதான் வேதனை. இவர் சொல்லுவது முழுப் பொய்யாக இருந்தால் சமாளித்துவிடலாம், கால்வாசி உண்மை இருக்கும்போதுதான் ஆபத்து.)

"அதுக்கு இப்ப என்ன செய்யிறது?"

"சிம்பிள். உலகத்தில நாங்கள் தலைகீழா நிக்கிறம். மொனிட்டரையும் தலைகீழா வைச்சால் கணக்குச் சரி."

சிரிக்காதீர்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இருவரும் தூக்கித் தலைகீழாகப் புரட்டி, ஆடாமல் இரண்டு பக்கமும் தலையணை முட்டுக்கொடுத்தோம். மாமி வந்து பார்த்தார். புரட்டுமுன் நாங்கள் கழற்றி மேசையில் வைத்திருந்த பிள்ளையாரை எடுத்து, இப்போது மேலே வந்துவிட்ட அடிப்பக்கத்தில், அதே இடது மூலையில் வைத்தார். சுவிட்சைப் போட்டோம். எழுத்தெல்லாம் தலைகீழ். நான் கழுத்தை முறித்துக்கொண்டு பார்த்தேன். பச்சை இப்போதும் மேலே, இடது மூலையில்.

இவர் முகம் வெளிறிவிட்டது. "மொனிட்டரைப் புரட்டினாலும் பச்சை மேலயே நிக்குது. அப்ப இது மேல இருந்துதான் வருது," என்று கூரையைப் பார்த்தார். அடுத்த நாள் மொனிட்டரையும் பிள்ளையாரையும் பழையபடி நிமிர்த்தி வைத்துவிட்டு, ஏணி வைத்துக் கூரைக்குள் ஏறி, மின்சார வயர் ஏதும் அந்தப் பக்கமாகப் போகிறதா என்று தேடிவிட்டு, ஒட்டடையோடு இறங்கினார்.

மாமி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் சாப்பிடாமல் திரைக்கு முன்னால் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர், வரும் வழியில் கடையில் வாங்கிய இன்னொரு பிள்ளையாரை மொனிட்டரின் நடுவில் இருத்தினார். "ஒருத்தரால ஏலாட்டில் ரெண்டு பேராப் பாக்கட்டும் பிள்ளை," என்றார். இறைச்சியைப் பார்க்காமல் இந்தப் பிள்ளையாரும் சுவரையே பார்த்தார். அன்றிலிருந்து பச்சைக்குப் பக்கத்தில் ஊதாவும் வந்து சேர்ந்தது.

இரண்டு கிழமை முடியப்போகிறது. இனி மொனிட்டரைத் திருத்த முடியாது, படத்தைத் திருத்துவோம் என்று முடிவெடுத்தேன். திரையில் தொடை பச்சையாகத் தெரிகிறதா? பச்சை போகும்வரைக்கும் மேல்பாதிக்குச் சிவப்பை ஏற்று. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். ஒரு கட்டத்தில் தொடை அப்படியே புதிதாக வெட்டித் தொங்கவிட்ட மாதிரித் தெரிந்தது. நான் கைதட்டினேன். இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அச்சு அசல்!" என்றார். நாங்கள் இருவரும் கெட்டிக்காரர்கள் என்று அன்று முழு மனதாக நம்பினோம்.

லோண்டரிக்கு லீவு போட்டுவிட்டு, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு பரமட்டாவுக்குப் போனேன். இறைச்சிக் கடைக்காரரும் வந்திருந்தார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆகிருதி, குழந்தை முகம். லிண்டா என் டிஸ்க்கை வாங்கிப் போட்டார். பிரிண்டர் உறுமியது. தாள் மெல்ல மெல்ல வெளியே வந்தது, முதலில் தொடை.

அது என்ன நிறம் என்று எப்படிச் சொல்வேன்? கலியாண வீட்டு வீடியோக்களில் பொம்பிளையின் உதட்டில் பார்த்திருப்பீர்கள், அந்த நிறம். பூசிவிட்டு மேலே இன்னொரு தரம் பூசிய மாதிரி. அதன் எலும்பும் ரோஸ். அதற்குப் பக்கத்தில் இருந்த நத்தார் மரமும் ரோஸ்.

கடைக்காரர் குனிந்து, நெடுநேரம் பார்த்தார்.

"அம்மா," என்றார் என்னிடம் மிகவும் மரியாதையாக, "இந்த ஆடு என்ன நோயில் செத்தது?"

அந்த இடத்தில் 'மன்னிக்க வேண்டும்' என்று சொல்லியிருந்தால் கௌரவமாகத் தப்பியிருப்பேன். ஆனால் நேர்முகப் பரீட்சையில் எப்போதும் தன்னம்பிக்கையோடு பேச வேண்டும் என்று ஆங்கில வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். நிமிர்ந்து நின்று, "உங்கள் பிரிண்டரில்தான் பிழை. என் மொனிட்டரில் சரியாக இருக்கிறது," என்றேன்.

லிண்டா அன்று காலை அதே பிரிண்டரில் அடித்த வேறொரு தாளை எடுத்துக் காட்டினார். யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் அழைப்பிதழ். குழந்தை குழந்தையின் நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தது.

"அப்படியென்றால் குழந்தைக்கு நல்ல பிரிண்டர், ஆட்டுக்குக் கெட்ட பிரிண்டரா?" என்றார்.

எனக்குக் கண் நிரம்பிவிட்டது. கடைக்காரர்தான் முதலில் பார்த்தார். "விடு லிண்டா, பாவம்," என்று சொல்லி, அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இதை நான் மனுசிக்குக் கட்டாயம் காட்ட வேண்டும்." அவர் நல்ல மனுசன். வெளியே போய்த்தான் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு கண்ணாடிக் கதவுக்குள்ளால் நன்றாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்து கதிரையில் விழுந்து அழுதேன். இவர் பக்கத்தில் நின்று, "நான்தான் கூரையை வடிவாப் பாக்கேல்லை" என்று தன்னையே நொந்துகொண்டார். மாமி குசினியிலிருந்து வந்து என் தலையைத் தடவினார். கலியாணமாகி வந்ததிலிருந்து அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "அழாத பிள்ளை. அவர் கைவிடமாட்டார்," என்றார். அடுத்த நாள் காலையில் பார்த்தால், காருக்கென்று வாங்கிய பிள்ளையாரும் மொனிட்டரின் வலது மூலையில் குந்தியிருந்தார். மேலே மூன்று பேர் வரிசையாக. கீழே திரையின் மேல்பாதி முழுவதும், மழைக்குள் விட்ட கலர்ச் சேலை மாதிரி நிறமெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி ஓடியது.

இரண்டு நாள் கழித்து லிண்டாவிடமிருந்து தொலைபேசி வந்தது.

"மாலா, உன் டிஸ்க்கைத் திரும்பவும் போட்டு அடித்துப் பார்த்தேன். ஒன்று கேட்க வேண்டும். மேல்பாதியைச் செய்தது வேறு ஆளா?"

"இல்லை. முழுக்க நான்தான்."

"கீழ்ப்பாதி அருமை. சொசேஜ் நிறம், எழுத்து, விலை வைத்த விதம், எல்லாம் சுத்தம். ஒரே ஆள் பாதித் தாளுக்கு மட்டும் எப்படிக் குருடாக முடியும்? நான் அந்த மொனிட்டரைப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை உங்கள் பக்கமாகத்தான் வருகிறேன்."

மாமி காலையிலேயே உழுந்து அரைத்து வடை சுட்டு, கலியாணச் சேலை மாதிரி ஒன்றை உடுத்துத் தயாராக நின்றார். லிண்டா வந்தார், வடையைச் சாப்பிட்டார், இன்னொன்றும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு அறைக்குள் வந்தார். நோட்டீஸைத் திறந்து வைத்திருந்த திரையைப் பார்த்ததும் அவர் கண்ணாடி மூக்கிலிருந்து வழுகி விழுந்து கயிற்றில் ஆடியது.

"கடவுளே," என்றார். அப்படியே மேலே பார்த்தார். முதுகு காட்டிக்கொண்டு மூன்று பேர் இருந்தார்கள். "ஓ! எவ்வளவு அழகு!" என்று சொல்லி, முகத்தைப் பார்க்கும் ஆசையில் இடது மூலைப் பிள்ளையாரைக் கையில் எடுத்தார்.

மூலையில் இருந்த பச்சை அவரோடு நகர்ந்தது.

லிண்டா நின்றுவிட்டார். பிள்ளையாரைத் திரைக்கு முன்னால் மெல்ல வலது பக்கம் கொண்டுபோனார். பச்சையும் பின்னாலேயே போனது. இடது பக்கம் கொண்டுவந்தார். அதுவும் வந்தது. சொசேஜுக்கு மேலே பிடித்தார், சொசேஜ் பச்சையாகிப்போனது. எங்கள் மூவருக்கும் வாய் மூடவில்லை. லிண்டா பிள்ளையாரைத் தலைகீழாகப் பிடித்து அடியைப் பார்த்தார். அடுத்த கணம் விழுந்து விழுந்து சிரிக்கத் தொடங்கினார். இவர் "ஐயோ கூரை!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

மற்ற இருவரையும் தூக்கித் தள்ளி வைத்துவிட்டு லிண்டா காந்தக் குழப்பத்தை நீக்கும் ஏதோ ஒரு பொத்தானை அமத்தினார். 'டொய்ங்' என்று ஒரு சத்தம். முழுத் திரையும் சாமி உரு வந்த மாதிரி நடுங்கி ஓய்ந்தது. வெள்ளை வெளேரென்ற திரை. அதில் என் ஆட்டுத் தொடை, உதட்டுச் சாயத்தோடு, எனக்கே முதல் முறையாகத் தெரிந்தது.

மாமிக்கு ஆங்கிலம் தெரியாது. "என்னவாம் பிள்ளை?" என்றார்.

இதை எப்படிச் சொல்வேன்? "பிள்ளையார் நல்ல வடிவாம் மாமி."

"அதுக்கு ஏன் அந்த மனுசி அவரைப் புரட்டிப் பாக்குது? எனக்கும் கண் இருக்கு. உள்ளதைச் சொல்லு."

சொன்னேன். அடியில் இருக்கும் காந்தம்தான் நிறத்தைக் கெடுத்தது, அதுதான் முதலிலிருந்தே பிழை, வேறொன்றும் இல்லை என்று சொன்னேன்.

மாமியின் முகம் அப்படியே வாடிப்போனது. பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப உன்ர வேலையைக் கெடுத்தது நான்தானோ?"

"இல்லை மாமி, அப்பிடி இல்லை..." என்று தொடங்கினேன். மாமி மூன்று பிள்ளையாரையும் சேலைத் தலைப்பில் ஏந்திக்கொண்டு சாமி அறைக்குள் போய்விட்டார். லிண்டாவும் சிரிப்பை நிறுத்திவிட்டு, தான் ஏதும் பிழையாகச் செய்துவிட்டேனோ என்று என்னைப் பார்த்தார்.

மாமி திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. நேரே லிண்டாவுக்கு முன்னால் வந்து நின்று, இரண்டு கையையும் கூப்பினார். இந்த நாட்டுக்கு வந்து அத்தனை வருசமாக, பால்காரனிடம்கூட ஆங்கிலத்தில் ஒரு சொல் பேசாத மனுசி.

"மேடம்," என்றார். "மை மிஸ்ரேக். ஷீ நோ மிஸ்ரேக். ஷீ குட் கேர்ள். வெரி ஹார்ட் வேர்க். பிளீஸ். ஜொப் கிவ்."

நான் அழுதுவிட்டேன். இவரும் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு மாமி மேல் இருந்த பயமெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் எங்கே போனதென்று தெரியாது. எனக்காக என் சொந்த அம்மாவும் அப்படிக் கைகூப்பி நின்றிருப்பாரா என்பது சந்தேகம்.

லிண்டா மாமியின் கூப்பிய கைகளை அப்படியே தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டார். "கீழ்ப்பாதியைப் பார்த்த அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லு," என்றார் என்னிடம். "திங்கட்கிழமை வா. எங்கள் மொனிட்டருக்கு மேலே ஒன்றும் இல்லை, ஒரு பூனைப் பொம்மையைத் தவிர." சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "அதையும் இன்றைக்கே புரட்டிப் பார்க்கிறேன்."

அந்த அச்சகத்தில் பல வருசம் வேலை பார்த்தேன். அந்த இறைச்சிக் கடைக்காரரின் நோட்டீஸ் எல்லாம் நான்தான் செய்தேன். ஒவ்வொரு முறையும் தாளைக் கையில் வாங்கும்போது, "ஆட்டுக்கு இப்ப சுகமா?" என்று கேட்காமல் போகமாட்டார்.

மாமி இரண்டு நாள்தான் வாட்டமாக இருந்தார். மூன்றாம் நாள் கோயிலில் நிமிர்ந்துவிட்டார். பிரசாதம் வாங்கிக்கொண்டு நின்ற அன்ரிமார் கூட்டத்துக்கு நடுவில் நின்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "அவர் அதைக் குழப்பாட்டில் அந்த வெள்ளைக்காரி எங்கட வீடு தேடி வந்திருக்குமோ? யோசிச்சுப் பாருங்கோ. கைக்கு மேல கைபிடிச்சு வேலையைக் குடுத்திட்டுப் போகுது! எல்லாம் அவரின்ர விளையாட்டு." அன்ரிமார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்த மாதம் பென்டில் ஹில் கடையில் கார்ப் பிள்ளையார் முடிந்துபோனதாகக் கேள்வி. யார் யார் வீட்டு மொனிட்டரெல்லாம் பச்சை பிடித்ததோ, நான் விசாரிக்கவில்லை.

ஒரேயொரு திருத்தத்தை மட்டும் மாமி அந்தக் கதையில் செய்துவிட்டார். தன் மருமகள் இறைச்சிக் கடையால் வேலை எடுத்தாள் என்று கோயிலில் வைத்து எப்படிச் சொல்வார்? அதனால் மாமியின் கதையில் அது ஒரு மரக்கறிக் கடை. மேலே இடது மூலையில் இருப்பது தக்காளி. ஊருக்கெல்லாம் அந்தத் தக்காளிக் கதைதான் தெரியும்.

போன மாதம் ஒரு பிறந்தநாள் வீட்டில், சாப்பாட்டுக்குப் பிறகு மாமி வழக்கம்போலத் தொடங்கினார். சுற்றிவரக் கதிரை போட்டுச் சனம் இருந்தது. "பெரிய தக்காளி. சிவப்பெண்டால் அப்பிடிச் சிவப்பு. பாத்தால் பச்சை..." என்று கதை நல்ல இடத்துக்கு வந்த நேரம், தகப்பனிடம் உண்மைக் கதையைக் கேட்டு வைத்திருந்த என் மகள் இடையில் பாய்ந்தாள்.

"நோ அப்பம்மா! இற் வொஸ் மீற்! இறைச்சி! அப்பா ரோல்ட் மீ!"

இவர் சட்டென்று எழும்பித் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள். மாமி என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல்.

"இல்லை மகள், அப்பா மாறிச் சொல்லிப்போட்டார்," என்றேன். "தக்காளிதான். நல்ல பெரிய தக்காளி."